பனியும் இருப்புப் பாதையும்

வெண்பனி போர்த்த மலைச்சாரலினூடே புகைவண்டி ஒன்று ஊர்ந்து செல்லும் படத்தை நாட்காட்டியிலோ அஞ்சலட்டையிலோ காணாதவர் நம்மிடையே மிகச் சிலரே. அப்படத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுப்போர் பலர். ஆனால், அதனைக் கூர்ந்து நோக்கும் மாணவனின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுதல் வேண்டும். தண்டவாளமே கண்ணுக்குத் தெரியாதவாறு பனி மூடிக் கிடக்கையில் அந்த வண்டி எவ்வாறு ஓடுகின்றது? வழுக்காமல் மலையேறுவது எங்ஙனம்? சரிவில் இறங்கும்போது வேண்டிய இடத்தில் நிற்பது எங்ஙனம்?

இக்கேள்வி குளிர்நாட்டாருக்கே உரியது, நமக்கு இதனால் ஆவதென்ன என்று தள்ளிவிடலாகாது. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் வாழும் நாம் பதுளைக்குச் சென்று வண்டியேறும் அந்தப் பாதை, பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் கடல் மட்டத்துக்கு மேல் 6,226 அடி வரை ஏறி இறங்குகின்றது. அங்கே வெண்பனி பொழிவதில்லை. ஆயினும், வெண்பனி அந்நாட்டாருக்குச் செய்யும் தொல்லைகளுட் பெரும்பாலானவற்றை மழையும் மூடுபனியும் சரிந்து விழும் மண்ணும் நமக்குச் செய்துகொண்டே இருக்கின்றன. அவர்கள் கற்ற பாடம் நமக்கும் பாடமே.

ஒரு சொல், பல பொருள்

தமிழில் "பனி" என்னும் ஒரு சொல்லுக்குள் பலவும் அடங்கும். மார்கழி, தை மாதங்களை முன்பனி என்றும், மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனி என்றும் நம் முன்னோர் வகுத்தனர். அவர்கள் கண்டது பெரும்பாலும் புல் நுனியில் நிற்கும் பனித்துளியே. மலைநாட்டில் பாதையை மறைத்து நிற்பது மூடுபனி. நுவரெலியாப் பக்கத்தில் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் தேயிலைத் தளிரையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிவிடுவது உறைபனி. குளிர்நாடுகளில் வானத்திலிருந்து பஞ்சு போல் இறங்குவது வெண்பனி. அது இறுகினால் பனிக்கட்டி. இவை அனைத்தும் நீரின் வேறு வேறு கோலங்களே. புகைவண்டிப் பாதைக்கு நீர்தான் முதற் பகைவன். அது எக்கோலத்தில் வந்தாலும் பகைமை மாறுவதில்லை.

நாணயத்தளவு இடத்தில் நடக்கும் போர்

புகைவண்டியின் சக்கரமும் உருக்கு, தண்டவாளமும் உருக்கு. வழவழப்பான இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் பரப்பு, ஒரு சக்கரத்துக்கு ஒரு சிறு நாணயத்தின் அளவேயாகும். அந்தச் சிறு பரப்பில் எழும் உராய்வே வண்டியை இழுக்கின்றது. அதுவே வண்டியை நிறுத்துவதும். எஞ்சின் எவ்வளவு ஆற்றல் உடையதாயினும் உராய்வு இல்லையேல் அதன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

உலர்ந்த தண்டவாளத்தில் எஞ்சினின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழுவிசையாகப் பெறலாம். தண்டவாளம் நனைந்தால் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். பனிக்கட்டி படிந்தாலோ, நசுங்கிய இலைகளின் சாறு படிந்தாலோ இருபதில் ஒரு பங்குக்கும் இறங்கிவிடக் கூடும்.

இனி நம் பாதையை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டுப் பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1. அதாவது, 44 அடி முன்னே சென்றால் 1 அடி மேலே ஏறியிருப்போம். கால்நடையாகச் செல்பவனுக்கு இது ஏற்றமாகவே தோன்றாது. புகைவண்டிக்கோ இது பெரும் ஏற்றம். 300 தொன் எடையுள்ள வண்டி ஒன்றை இந்த ஏற்றத்தில் 80 தொன் எஞ்சின் ஒன்று இழுப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சினையும் சேர்த்து 380 தொன். அதனை 44ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.6 தொன். மலை பின்னோக்கி இழுக்கும் விசை இது. வளைவுகளின் தடை இதற்கு மேலும் உண்டு. தண்டவாளம் உலர்ந்திருந்தால் எஞ்சினின் பிடிப்பு 26 தொன்னுக்கு மேல், கவலை இல்லை. நனைந்திருந்தால் 16 தொன், கவனமாக ஏறிவிடலாம். இருபதில் ஒரு பங்காகக் குறைந்தாலோ 4 தொன் மட்டுமே. வண்டி ஏறாது, சக்கரம் வெறுமனே சுழலும். கணித வகுப்பில் வெறும் வகுத்தலாகத் தோன்றும் இக்கணக்கு, நள்ளிரவில் மூடுபனிக்கிடையே மலையேறும் எஞ்சின் சாரதிக்கு உயிர்க் கணக்காகும்.

இதற்கு மனிதன் கண்ட மருந்து மிக எளியது. அது மணல். எஞ்சினில் மணற்பெட்டிகள் உண்டு. சக்கரம் வழுக்கும்போது குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னே மணல் தூவப்படும். மணல் நனைந்தால் குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பதற்காக, நீராவி எஞ்சின்கள் பலவற்றில் கொதிகலத்தின் முதுகின் மேலேயே மணற்பெட்டியை வைத்தனர். கொதிகலத்தின் வெப்பம் மணலை எப்போதும் உலர்ந்த நிலையில் வைத்திருந்தது. புதுமை மிக்க எஞ்சின்களும் இன்றுவரை மணலைக் கைவிட்டபாடில்லை.

பனியை அள்ளி எறியும் வண்டிகள்

வழுக்கல் ஒரு தொல்லை. புதைந்து போதல் இன்னொரு தொல்லை. பத்து அடி, பதினைந்து அடி ஆழத்துக்கு வெண்பனி குவியும் மலைகள் உண்டு. தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் மண்வெட்டியால் பனியை அள்ளினர். பின்னர், எஞ்சினின் முன்னே உழுகலப்பையின் கொழுவைப் போன்ற இரும்புத் தகட்டைப் பொருத்திப் பனியை இருபுறமும் ஒதுக்கினர். மென்பனிக்கு இது போதும். ஆழ்ந்து இறுகிய பனியில் கலப்பையும் சிக்கிக்கொள்ளும்.

இதற்கு ஒரு வழியை முதன்முதலாக எண்ணியவர் ஒரு பல் வைத்தியர் என்பது வியப்பைத் தரும் செய்தி. கனடாவின் டொறொன்டோ நகரைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. எலியட் என்பவர், பெரிய சுழல் விசிறி ஒன்றை வண்டியின் முகப்பில் பொருத்திப் பனியைக் குடைந்து தொலைவில் வீசியெறியும் கருவியை 1869இல் வரைந்தார். பிறர் அதனைத் திருத்தி, 1880களில் செயற்படுத்தினர். இன்றும் உயர்ந்த மலைப்பாதைகளில் பனியைக் களைவது அந்தச் சுழற்கலப்பையின் வழிவந்த கருவியே.

ஆயினும் கருவி எல்லாம் வல்லது அன்று. 1952 சனவரியில் அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் "சிற்றி ஒவ் சன் பிரான்சிஸ்கோ" என்னும் பயணி வண்டி பனிக் குவியலில் சிக்கிற்று. அதனை மீட்கச் சென்ற சுழற்கலப்பைகளும் சிக்கிக்கொண்டன. 200க்கு மேற்பட்டோர் மூன்று நாட்கள் வண்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்து, பின்னர் மீட்கப்பட்டனர்.

பனி குவிந்த பின் அள்ளுவதைக் காட்டிலும் குவியாமற் காப்பதே மேல். அதற்காகக் காற்று வீசும் திசையில் வேலிகளை நட்டு, பனி பாதைக்கு வருமுன்னரே வீழ்ந்து தங்கும்படி செய்வர். பனிச்சரிவு நேரும் இடங்களில் பாதைக்கு மேல் சாய்ந்த கூரை அமைப்பர். சரிந்து வரும் பனி அக்கூரையின் மேலாக உருண்டு பள்ளத்தில் வீழும். கீழே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சிறியவை செய்யும் பெருந்தொல்லை

பெரும்பனி ஒருபுறம் நிற்க, சிறிதளவு பனியும் ஒரு நிலையத்தையே முடக்கவல்லது. வண்டி ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்கு மாறும் இடத்தில், அசைந்து கொடுக்கும் தண்டவாளத்துண்டு ஒன்று நிலையான தண்டவாளத்தோடு இடைவெளியின்றி ஒட்டுதல் வேண்டும். இடையே ஒரு கைப்பிடி பனிக்கட்டி இறுகிவிட்டால் அது ஒட்டாது. ஒட்டாத வரையில் கைகாட்டியும் இறங்காது; வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே அவ்விடங்களில் மின்சாரத்தாலோ எரிவாயுவாலோ சூடேற்றுகின்றனர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் குளிர்காலத்தில் தண்டவாளத்தின் அருகே தீ எரியும் படங்கள் பத்திரிகைகளில் வருவதுண்டு. எரிவது தண்டவாளம் அன்று. அதனைச் சூடேற்றும் எரிவாயுவே.

குளிரில் உருக்கு சுருங்கும் என்பதை மாணவர் அறிவர். வெப்பநிலை 40 பாகை குறைந்தால், கட்டுப்பாடின்றிக் கிடக்கும் 1 கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் ஏறத்தாழ 46 சென்ரிமீட்டர் சுருங்கும். இக்காலத்தில் தண்டவாளங்களை நெடுந்தொலைவுக்கு ஒட்டவைத்துச் சிலிப்பர்க் கட்டைகளோடு பிணைத்துவிடுவதால் அவை சுருங்க இயலாது. சுருங்க இயலாத தண்டவாளம் உள்ளே இழுபட்டு, கடுங்குளிரில் வெடித்துப் போவதும் உண்டு. வெடிப்பைக் கண்டறியக் குளிர்காலத்தில் சோதனை மிகுதி.

1991 பெப்ரவரியில் பிரித்தானியாவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அங்கு வழக்கமாகப் பெய்யும் ஈரப்பனிக்கு மாறாக, மாவு போன்ற உலர்பனி பெய்தது. அது மின்சார வண்டிகளின் காற்றுத் துவாரங்கள் வழியே உட்புகுந்து உருகி, மோட்டர்களைப் பழுதாக்கிற்று. "பனியிலும் தப்பான பனி உண்டோ?" எனப் பத்திரிகைகள் நகையாடின. நகைப்புக்கு உரியதாயினும் உண்மை அதுவே. ஒரு வகைப் பனிக்கு ஆயத்தமானவன் மறு வகைப் பனியிடம் தோற்றான்.

யப்பானியர் வேறொரு தொல்லையைக் கண்டனர். 1964இல் தொடங்கிய அவர்களின் அதிவேகப் பாதை, செக்கிகஹாரா என்னும் பனிமிகு பகுதியினூடே செல்கின்றது. விரைந்து செல்லும் வண்டி கிளப்பும் பனி, வண்டியின் அடியில் ஒட்டி இறுகும். பின்னர் கட்டியாக வீழ்ந்து, பாதையிலுள்ள சல்லிக் கற்களைத் தெறிக்கச் செய்யும். ஆகவே நீரைத் தெளித்துப் பனியை ஈரமாக்கி, அது பறக்காதபடி செய்தனர். வண்டியின் வேகத்தையும் குறைத்தனர். அதனினும் மிகுந்த பனி பெய்யும் வடபகுதிப் பாதைகளில் வெந்நீரையே தெளிக்கின்றனர்.

இந்தியாவின் பனிப்பாதை

நமக்கு அண்மையில் வெண்பனியோடு போராடும் புகைவண்டி காஷ்மீரத்தில் ஓடுகின்றது. பீர் பாஞ்சால் மலையைக் குடைந்து பனிகாலுக்கும் காசிகுண்டுக்கும் இடையே அமைத்த 11 கிலோமீட்டர் சுரங்கம் 2013இல் திறக்கப்பட்டது. மலையின் மேலே பனி எவ்வளவு பெய்தாலும் சுரங்கத்தினுள்ளே பாதை உலர்ந்தே இருக்கும். பனியை வெல்வதற்கு அதன் வழியிலிருந்து விலகிச் செல்வதும் ஓர் உபாயமன்றோ? 2025 யூன் 6ஆம் நாள், 359 மீட்டர் உயரமுள்ள செனாப் பாலத்தின் மேலாகக் காத்ராவையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் சேவை தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வண்டிகளில் சாரதியின் முன்னுள்ள கண்ணாடியில் பனி உறையாதவாறு சூடேற்றும் அமைப்பும், நீர்த்தொட்டியும் குழாய்களும் உறையாதவாறு காக்கும் அமைப்பும் உண்டு.

தமிழ்நாட்டின் நீலகிரியிலும் மலை இரயில் உண்டு. 1899இல் குன்னூரையும், 1908இல் உதகமண்டலத்தையும் அது எட்டிற்று. அங்கு 12½ அடிக்கு 1 அடி என்னும் ஏற்றம் உண்டு. வெறும் உராய்வை நம்பி அதில் ஏற இயலாது. ஆகவே பாதையின் நடுவே பற்சட்டம் ஒன்றைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்விப் பிடித்து ஏறும்படி செய்தனர். மழையாயினும் உறைபனியாயினும் பல் வழுக்காது. எனினும், வடகீழ்ப் பருவமழையில் மண்சரிந்து பாதை மூடப்படும்போது பற்சக்கரத்தாலும் பயனில்லை.

நம் பாதையின் கதை

நம் மலைநாட்டுப் பாதைக்குப் பற்சட்டம் இல்லை. அது முற்றிலும் உராய்வையே நம்பிய பாதை. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிய இலங்கையின் முதல் வண்டி, படிப்படியாக மலையேறிற்று. 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அதற்கப்பால் பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையேயுள்ள ஒன்பது வளைவுப் பாலமும், தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகத் தானே நுழைந்து செல்லும் தெமோதரை வளையமும் அந்த இறுதிக்கட்டப் பணியின் சின்னங்கள். தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்ல எழுந்த அப்பாதையில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வியர்வையும் கலந்துள்ளது.

பனிநாட்டோடு நம் பாதைக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு நமக்கு டீசல் எஞ்சின்களை நன்கொடையாக வழங்கிற்று. அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களே அவற்றுக்குச் சூட்டப்பட்டன. அவற்றுள் "அல்பேட்டா" என்னும் பெயர் தாங்கிய எஞ்சினும் ஒன்று. பெயரில் பனியைச் சுமந்து வந்தவை, இங்கே வெண்பனியைக் காணாமலே மழையிலும் மூடுபனியிலும் உழைத்தன.

அவை கண்ட தொல்லைகள் யாவை? நள்ளிரவு முதல் விடியல் வரை தண்டவாளத்தில் படியும் ஈரம். யூக்கலிப்டஸ் தோப்புகளினூடே செல்லும்போது சக்கரத்தில் நசுங்கிப் பசைபோல் ஒட்டும் இலைகள். கைகாட்டியை மறைக்கும் மூடுபனி. இறுதியாகச் சொன்னதற்கு ஒற்றைப் பாதையில் நெடுங்காலமாக வழங்கிவரும் காப்பு ஒன்றுண்டு. அடுத்த நிலையம் வரை செல்வதற்கான உரிமைத் தகட்டை நிலைய அதிபர் வளையமொன்றில் இட்டுச் சாரதியின் கையிலேயே கொடுப்பார். அத்தகடு ஒருவர் கையில் இருக்கும்வரை அப்பகுதிக்குள் மற்றொரு வண்டி நுழைய இயலாது. கண் மறைந்தாலும் கை அறியும்.

வெண்பனியும் செம்மண்ணும்

இவை எல்லாவற்றினும் பெரிது ஒன்றுண்டு. 1910 மார்ச் முதலாம் நாள், அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்து மலைகளில், வெலிங்ரன் என்னும் சிறு நிலையத்தில் பனியால் பல நாட்களாகத் தடைப்பட்டு நின்ற இரு வண்டிகள் மீது மலைச்சரிவிலிருந்து பனி பெயர்ந்து வீழ்ந்தது. வண்டிகள் பள்ளத்தில் எறியப்பட்டன. 96 பேர் மாண்டனர். பின்னர் அங்கே காப்புக் கூரைகள் எழுந்தன. 1929இல் ஏறக்குறைய 8 மைல் நீளமுள்ள புதிய சுரங்கமும் திறக்கப்பட்டது. ஆயினும் மாண்டவர் மீளவில்லை.

அங்கே வெண்பனி செய்ததை இங்கே செம்மண் செய்கின்றது. இரண்டிலும் இயல்பு ஒன்றே. சரிவில் தங்கியிருக்கும் பொருள், தன் எடை மிகுந்தும் பிடிப்புக் குறைந்தும் போகும் ஒரு கணத்தில் பெயர்கின்றது. மண்ணுக்குள் ஊறும் நீர் அதன் எடையைக் கூட்டுகின்றது. அதே நீர் மண்துகள்களின் பிடிப்பையும் தளர்த்துகின்றது. சக்கரத்தின் அடியில் நீர் செய்த வேலையையே மலையின் அடியிலும் நீர் செய்கின்றது எனலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுள் புதைந்ததை ஊவா மக்கள் மறத்தல் இயலுமா? 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் துயரம் சொல்லுந்தரத்தது அன்று. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் மண்ணால் மூடப்பட்டது. பல இடங்களில் அடிமண் அரிக்கப்பட்டுச் சிதைந்தது. வண்டிகள் நின்றன. வைத்தியசாலைக்குச் செல்வோர், மரக்கறி அனுப்புவோர், கொழும்பில் தொழில் செய்து திங்களுக்கொருமுறை வீடு திரும்பும் இளைஞர், உயர்கல்விக்குச் செல்லும் மாணவர் ஆகிய அனைவரும் இந்தப் பாதையின் அருமையை அப்போது உணர்ந்தனர்.

காப்போர் யாவர்?

பனிநாட்டார் நூறாண்டு அனுபவத்தில் கற்றவற்றைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவது, தடை வந்தபின் அகற்றுவதினும் வருமுன் காப்பது எளிது. அவர்களுக்குப் பனிவேலி எதுவோ, அதுவே நமக்கு வடிகால். மலையிலிருந்து இறங்கும் நீரைப் பாதைக்கு மேலேயே மறித்து, வாய்க்கால் வழியே கொண்டுபோய் மதகின் கீழாகக் கடத்திவிட்டால் பாதை பிழைக்கும். ஒரு மதகு அடைபட்டால் அன்றிரவு மழையிலேயே கரை கரைந்துவிடக் கூடும். தண்டவாளத்தின் கீழ்ச் சல்லிக் கல்லைப் பரப்புவதும் நீர் தேங்காமல் வடிவதற்காகவே.

இரண்டாவது, கருவியினும் கண் பெரிது. மழையிலும் குளிரிலும் கையில் சுத்தியலுடன் பாதை நெடுகிலும் நடந்து, தளர்ந்த ஆணியை இறுக்கி, வீழ்ந்த கல்லைப் புரட்டி, அடைபட்ட கானைத் துப்புரவு செய்யும் பாதைத் தொழிலாளியே முதற் காவலன். வண்டியின் யன்னலோரத்தில் அமர்ந்து அருவியைக் கண்டு களிப்போர், தொப்பலாக நனைந்து ஒதுங்கி நிற்கும் அம்மனிதனையும் ஒருகணம் காணுதல் வேண்டும்.

மூன்றாவது, நிறுத்தத் தெரிந்தவனே ஓட்டத் தெரிந்தவன். யப்பானியர் பனியில் வேகத்தைக் குறைக்கின்றனர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாளில் வண்டி நிறுத்தப்பட்டால், "இன்றைக்கும் கோச்சி இல்லையா?" என்று நாம் சலித்துக்கொள்கின்றோம். நின்ற வண்டியால் இழப்பது ஒரு நாள். நில்லாத வண்டியால் இழக்கக்கூடியது எதுவென்பதை வெலிங்ரன் சொல்லும்.

இப்பணியில் நமக்கும் பங்குண்டு. பாதையோரக் கானில் குப்பை கொட்டாதிருத்தல். பாதைக்கு மேலுள்ள சரிவில் மரத்தை வெட்டியும் மண்ணைக் கொத்தியும் தோட்டம் போடாதிருத்தல். நிலத்தில் புதிய வெடிப்பையோ, நேராக நின்ற மரம் சாய்வதையோ, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவதையோ கண்டால் அருகிலுள்ள நிலைய அதிபருக்கோ கிராம அலுவலருக்கோ உடனே அறிவித்தல். இவற்றுக்குப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. தண்டவாளத்தின் வழியே பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவர்களுக்குப் பாதையில் நடப்பதன் ஆபத்தைச் சொல்லும் பெற்றோர், இந்த அடையாளங்களையும் சொல்லி வைத்தால் நன்று.

ஆங்கிலேய பொறியியலாளர் கீறிய கோட்டை உயிருள்ள பாதையாக ஆக்கியவர் தொழிலாளர். அதனை நூறாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தவரும் அவர்தம் வழிவந்தோரே. பனிமலையாயினும் பசுமலையாயினும், இயற்கையை எதிர்த்து வென்றோம் என்று எவரும் மார்தட்டியதில்லை. அதன் போக்கை அறிந்து, அதற்கு வழிவிட்டு, நம் வழியையும் காத்துக்கொண்டோம் என்பதே உண்மை. அந்த அறிவு பாடநூலில் மட்டும் இருந்தால் போதாது. மழை இறங்கும் மாலையில், மலையடிவாரத்து வீடு ஒவ்வொன்றிலும் விழித்திருத்தல் வேண்டும்.